தேயாத வளையங்கள்

நேற்று பதினோரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்த வளையம் இன்று ஒன்பதுதான் தேய்ந்திருந்தது.

"மாமா, ஒன்பதா, பத்தொன்பதா?" அவள் துளைக்குள் குனிந்து கேட்டாள்.

"ஒன்பதுதான் எஞ்சினியர் அம்மா. எனக்கு இன்னும் கண்ணு போகல."

உள்ளே இருந்தவர் அவளுடைய அக்காவின் கணவர், ஃபிட்டர். சுரங்கம் குடையும் அந்த இயந்திரத்தின் தலையில் நாற்பத்தாறு எஃகு வளையங்கள். பாறையை நசுக்கி நசுக்கி அவை தினமும் தேயும். காலையில் இயந்திரத்தை நிறுத்தி முக்கால் மீட்டர் பின்னுக்கு இழுத்து, தலையிலுள்ள துளை வழியாக, அதற்கும் பாறைக்கும் நடுவே கிடைக்கும் இடுக்கில் அவர் நுழைந்து ஒவ்வொரு வளையத்திலும் அளவுக்கருவியை வைத்துச் சொல்ல, அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். வளையம் தேயும், உடையும், ஒரு பக்கமாகச் சப்பையாகும். ஒருநாளும் வளர்ந்ததில்லை.

"மேல ஏதோ ஒட்டியிருக்கு. சுரண்டித் தரேன், பாரு." துளை வழியாக அவள் உள்ளங்கையில் ஒரு துண்டைப் போட்டார்.

கல்தூளும் கிரீஸும் இறுகிய அழுக்கு என்றுதான் நினைத்தாள். கையுறையின் மேல் வைத்துப் புரட்டினாள். மேல்பக்கம் கருஞ்சிவப்பாகக் காய்ந்து வெடித்திருந்தது. ஓரங்கள் மெலிந்து சுருண்டிருந்தன. அடிப்பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று, இப்போதுதான் எதிலிருந்தோ உரித்தெடுத்த மாதிரி ஈரமாக இருந்தது. சின்ன வயதில் முழங்கால் புண்ணில் பக்குக் கட்டியதும் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தவள் அவள். இது என்ன என்று அவளுக்கு முன்பே அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. நாலு நாள் பிரிக்காத கட்டுத்துணியைப் பிரித்தால் வருமே ஒரு நாற்றம், அது கிளம்பி, வாயை இறுக்கி மூடியிருந்தும் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. கையை உதறினாள். விழவில்லை. இரும்புச் சட்டத்தில் தேய்த்துத் தேய்த்துத்தான் அதைப் போக்க முடிந்தது.

போன வாரம் வரை தினம் நாலைந்து வளையம் மாற்ற வைத்த பாறை, மூன்று நாளாகத் தானாகவே வழிவிடுவதுபோல் வழிவிட்டது. ஒரு வளையம்கூட மாற்றவில்லை. மேனேஜர் எல்லோருக்கும் கைகொடுத்தார். கன்வேயரில் தூசியே பறக்காமல், கல்துண்டுகள் வழவழவென்று ஒன்றோடொன்று நூல்விட்டபடி போனதை அவளும் பார்த்தாள்தான். கிரீஸ் கசிவு என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

"மாமா, போதும். வெளிய வந்துடுங்க."

"பாதில விட்டா மேனேஜர் நம்மள உரிச்சுத் தொங்க விட்டுடுவாரு. இன்னும் இருபதுதான்."

"உள்ள எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு. முதுகுப் பக்கம் பாறை ஈரமா இருக்கு. அரிக்குது, சாஞ்சு தேச்சுக்கிட்டா இதமா இருக்கு."

போய் இழுத்து வந்திருக்கலாம். அந்த நாற்றத்துக்குள் தலையை விட மனம் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

"முப்பத்தொன்னாவது வளையம். அஞ்சு."

எழுதினாள்.

"முப்பத்தெட்டு. ரெண்டு."

குரல் மாறிக்கொண்டே வந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. எண்களுக்கு நடுவே ஒரு சத்தம், ஈரத்தோலை மெதுவாக இழுப்பதுபோல. கருவி இரும்பில் படும் 'டிக்' இப்போது கேட்கவில்லை.

"நாப்பத்தாறு. ஒன்னும் தேயல."

முடிந்தது. மூச்சு விட்டாள். நோட்டை மூடினாள்.

"வாங்க மாமா."

"நாப்பத்தேழு. ரெண்டு."

சமயம் தெரியாமல் கேலி பண்ணுவது அவருக்குப் பழக்கம். அக்கா இதற்காகவே அவரோடு சண்டை போடுவாள். இவள் சிரித்துவைக்கப் பார்த்தாள், உதடு வளையவில்லை.

"விளையாடாதீங்க மாமா. நாப்பத்தாறுதானே இருக்கு."

"நாப்பத்தெட்டு. ஒன்னு."

டார்ச்சை எடுத்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு துளைக்குள் தலையை விட்டாள்.

பாறையில் வளையங்கள் கீறிய வட்டக் கோடுகள். விளிம்புகள் வீங்கியிருந்தன. மஞ்சளாக நீர் கசிந்தது. சில கோடுகள் பக்குக் கட்டி மூடிவிட்டன.

அவர் பாறையில் முதுகைச் சாய்த்து நின்றார். கண்கள் சொக்கிப் பாதி மூடியிருந்தன. பாறையிலிருந்து ஒரு மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் படர்ந்து அவர் தோள்களை, கழுத்தை, ஒரு காதை மூடியிருந்தது. கன்னம்வரை வந்துவிட்டது. உதட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது.

அளவுக்கருவி அவர் கையில்தான் இருந்தது. அதைத் தன் பற்களில் ஒவ்வொன்றாக வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"மாமா."

அவருடைய இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். முழு பலத்தோடு.

தோளில் தோல் கிழிந்தது. அவர் கத்தவில்லை.

பாறை சுள்ளென்று சுருங்கியது. மேலிருந்து கீழ்வரை, அத்தனை பெரிய சுவரும், புண்ணில் கை பட்ட உடம்புபோல் ஒருமுறை துடித்து அடங்கியது.

கிழிந்த இடத்தில் மஞ்சள் நீர் ஊறியது. வழிந்தது. அவர் கைமேல் இறங்கியது. அவள் விரல்களின்மேல். வெதுவெதுப்பாக. உறையத் தொடங்கியது.

அவர் கருவியை அடுத்த பல்லுக்கு நகர்த்தினார்.

"நாப்பத்தொம்பது," என்றார்.