தவளைக்குத் தண்ணீர் ஆகாது

தவளை ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

தவளை என்பது ஒரு கார். பச்சை நிறம். உருண்டை விளக்குகள். அகன்ற வாய். வயது நாற்பத்தொன்று. வாண்டுவின் அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோவது தவளைதான்.

வருடத்துக்கு ஒரு முறை, அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று சோதனை நிலையத்தில் பார்ப்பார்கள். அது தோற்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி போனால் ஜெயிக்கும்.

இந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு இனி ஒரே வாய்ப்பு. மறுசோதனை கிடையாது.

"அப்ப பழைய இரும்புக் கடைக்குத்தான்," என்றாள் அம்மா. இஸ்திரிப்பெட்டியை நிறுத்தாமலே சொன்னாள்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார் அப்பா.

"ஆறு வருஷமா நல்ல வார்த்தைதான் சொன்னேன். உங்க தவளை கேட்டுச்சா?"

வாண்டுவுக்குப் பத்து வயது. தினமும் தவளையின் பின்சீட்டில்தான் பள்ளிக்குப் போவாள். இரண்டு பக்கமும் சூடு ஆறாத துணிமூட்டைகள் இருக்கும். அதைவிட நல்ல இடத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.

சோதனைக்கு இன்னும் மூன்று நாள்.

பழைய சோதனைத் தாள்களை அப்பா துணி மாட்டும் கிளிப் ஒன்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். வாண்டு அவற்றைக் கழற்றித் தரையில் பரப்பினாள். பன்னிரண்டு தாள்கள். ஆறு தோல்வி, ஆறு வெற்றி.

பிரேக், சக்கரம், எஞ்சின், புகை. எல்லாமே எல்லா வருடமும் சரியாக இருந்தன. தோல்வித் தாள்களில் ஒரே ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 'பின் விளக்கு எரியவில்லை.'

"அப்பா, மெக்கானிக் மாமா விளக்கைப் பார்த்தாரா?"

"ஆறு தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நல்லா எரியுதேன்னு என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்."

"சோதனையில மட்டும் எரியாதா?"

"அந்த அதிகாரியைப் பார்த்தா பயந்துடுது போல."

வாண்டு சிரிக்கவில்லை. யோசித்தாள்.

"முதல் தடவை போறப்ப நாம என்ன பண்ணுவோம்?"

"என்ன பண்ணுவோம்? காலையில எழுந்து பளபளன்னு கழுவிட்டுப் போவோம். சலவைக்கடைக்காரன் வண்டி அழுக்கா போகலாமா?"

"ரெண்டாம் தடவை?"

"ரெண்டாம் தடவை யாருக்குக் கழுவ மனசு வரும்? கோபத்துல அப்படியே..."

அப்பா பாதியில் நிறுத்தினார்.

வாண்டு குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பா காரில் ஏறி விளக்கைப் போட்டார். சிவப்பு விளக்குகள் இரண்டும் எரிந்தன. வாண்டு தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். இடது விளக்கு கண் சிமிட்டியது. அணைந்தது.

அப்பா இறங்கி வந்து பார்த்தார்.

"ஆறு வருஷமும் நான்தானா?" என்றார்.

"தவளைக்குத் தண்ணி ஆகலை அப்பா. அவ்வளவுதான்."

"அப்ப கழுவாமலே கூட்டிட்டுப் போங்க," என்றாள் அம்மா வாசலில் இருந்து.

"மழை பெய்ஞ்சா?" என்றாள் வாண்டு. "அன்னிக்கும் பின்னாடி வர்றவங்களுக்கு விளக்கு தெரியணுமே."

அப்பா விளக்கின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. அந்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

உதிரிபாகக் கடைக்காரர் வளையத்தின் மிச்சத்தை வாங்கிப் பார்த்தார். "இந்த வண்டிக்கா? அருங்காட்சியகத்துல கேட்டுப் பாருங்க," என்றார். இன்னும் மூன்று கடைகள் ஏறி இறங்கினார்கள். எங்கும் இல்லை.

மறுநாள் மாலை வாண்டு கடையில், பெரிய சலவை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போர்வைகள் சுழன்றன. தண்ணீர் கதவில் மோதிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

"அம்மா, இதுல ஏன் ஒழுகல?"

"கதவைச் சுத்தி ரப்பர் இருக்குல்ல."

வாண்டு எழுந்து நின்றாள். "போன மாசம் மாத்தினோமே, அந்தப் பழைய ரப்பர் எங்கம்மா?"

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பின்கட்டுக்குப் போய், கிழியாத பக்கத்தைத் தேடி எடுத்தாள். கத்தரிக்கோல் அம்மாவின் கையில் சொன்னபடி கேட்கும். முதல் வளையம் சிறியதாகிவிட்டது. இரண்டாவது கச்சிதமாகப் பொருந்தியது. வலது விளக்குக்கும் ஒன்று வெட்டினாள்.

"அந்தத் தவளைக்காக ஒண்ணும் இல்ல," என்றாள். "கடை நடக்கணுமே."

சோதனை நாள் காலை. அப்பா வாளியைத் தொடத் தயங்கினார்.

"கழுவுங்கப்பா," என்றாள் வாண்டு.

"வேணாம்மா. எதுக்கு வம்பு?"

வாண்டு குழாயைத் திறந்தாள். தண்ணீரை நேராகப் பின் விளக்கின் மேல் அடித்தாள். அது சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். அன்று தவளையைக் கழுவியது போல அவர் எதையும் கழுவியதில்லை.

சோதனை நிலையத்தில் அதே அதிகாரி. "வந்துட்டீங்களா," என்றார். "வண்டி வழக்கம்போல மினுமினுக்குது." சொட்டிக்கொண்டிருந்த காரைச் சுற்றி வந்தார். பிரேக்கைச் சோதித்தார். சக்கரத்தை ஆட்டினார். புகையை அளந்தார். பிறகு பின்னால் போய் நின்று, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"சார், இன்னும் விளக்கே போடலையே," என்றாள் வாண்டு.

"பழக்கம்," என்றார் அதிகாரி. "சரி, போடுங்க."

அப்பா போட்டார்.

அதிகாரி குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"பிரேக்கை மிதிங்க."

இன்னும் பிரகாசமாக எரிந்தது.

"விடுங்க. மிதிங்க. விடுங்க. மறுபடி மிதிங்க."

ஏழு முறை மிதிக்கச் சொன்னார். ஏழு முறையும் எரிந்தது. எழுதியதை அடித்துவிட்டுப் புதிய தாளை எடுத்தார்.

"எந்தக் கடையில சரி பண்ணீங்க?"

"எங்க கடையிலதான்," என்றாள் வாண்டு. "சலவைக்கடையில."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார். அதிகாரி முத்திரையைக் குத்தித் தாளை வாண்டுவின் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சாலை நடுவே ஒரு பெரிய குட்டை சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. வண்டி அழுக்காகும் என்று அப்பா எப்போதும் அதை ஒதுங்கித்தான் போவார். இன்று ஒதுங்கவில்லை. நேராக உள்ளே விட்டார். இரண்டு பக்கமும் சேறு கூரைவரை எழுந்தது.

கடை வாசலில் வந்து நின்ற தவளையை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "இப்ப யாரு கழுவுறதாம்?" என்றாள்.

"நான்தான்," என்றார் அப்பா. அதைச் சொன்னபோது அவர் முகம் நிறைய சிரிப்பு.