பதினொன்றாவது மைல்

கோரின் விழுந்த விதத்தில் அழகு எதுவும் இல்லை. சைக்கிளின் முன் சக்கரம் ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள், மூக்குக்கண்ணாடி மூன்றாவதாக ஒரு பக்கம் போயிற்று. தார்ப்பாதை முழுக்கப் பச்சைப் பந்துகளாக வால்நட் காய்கள். செப்டம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி.

"அசையாதீங்க... கொஞ்சம் அப்படியே இருங்க," என்றது ஒரு குரல்.

குரலுக்கு உடம்பும் இருந்தது. ஆனால் கண்ணாடி இல்லாத கோரினுக்கு அது நீல நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான்.

"அசையாம கிடந்தா பின்னாடி வர்றவங்க என் மேல ஏத்திட்டுப் போவாங்க."

"அதான் என் சைக்கிளைக் குறுக்கே போட்டிருக்கேன். கை காலை மடக்கிப் பாருங்க. ஏதாவது ஒடிஞ்சிருக்கா?"

மடக்கிப் பார்த்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கை இரண்டிலும் காய்த்தோலின் சாறு அப்பியிருந்தது. அந்தக் கறை ஒரு வாரத்துக்குப் போகாது என்பது ஓஹையோவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கோரின் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் வாயில் கைவிட்டுப் பல் சுத்தம் செய்கிறவள். கையுறை போட்டுக்கொள்வாள், பரவாயில்லை. ஆனாலும் கோபம் வந்தது. முப்பத்தெட்டு வயதில் நடுப்பாதையில் மல்லாந்து கிடக்க யாருக்கும் பிடிக்காது.

"எலும்பெல்லாம் இருக்கு. மானம்தான் போச்சு."

"யாரும் பாக்கலை. நான் மட்டும்தான்."

"அது போதாதா?"

நீல மங்கல் சிரித்தது. நல்ல சிரிப்பு. அதனாலேயே அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"இந்த மைல் யாருது?" என்றாள். "போர்டு இருக்குமே... படிங்க."

ரயில் நின்றுபோய் நாற்பது வருஷம் ஆன தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போட்டதிலிருந்து சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் சொந்தம். ஒவ்வொரு மைலையும் ஒரு குடும்பம் தத்தெடுத்திருக்கும். சருகு கூட்டுவது, காய் பொறுக்குவது, ஒடிந்த கிளையை ஓரம் தள்ளுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெயரைப் போர்டில் எழுதி நட்டுவைப்பார்கள்.

மங்கல் போர்டுப் பக்கம் திரும்பியது.

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சுங்க... மழை, வெயில்..."

"போன வருஷம்தானே எல்லா போர்டையும் புதுசாக்கினாங்க?"

"அப்படியா? இது விட்டுப் போயிருக்கும்."

"யாரா இருந்தாலும் சரி, சோம்பேறி. தத்தெடுத்துட்டுப் பட்டினி போடற ஆளு."

"ஆமா," என்றான் அவன். "சரியான சோம்பேறி."

அவளுடைய கண்ணாடியைப் புல்லில் தேடி எடுத்தான். காதில் மாட்டும் கம்பி ஒன்று வெளியே கோணிக்கொண்டிருந்தது. அவள் வாங்க நீட்டிய கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டான்.

"கண்ணாடிக் கடையில பதினெட்டு வருஷமா இருக்கேன். இதை எங்கிட்ட விடுங்க."

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினான். மெதுவாக வளைத்தான். தூக்கி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு அவள் முன்னால் முழங்காலிட்டு, காதோரம் முடி சிக்காமல் மாட்டிவிட்டான். கடையில் தினமும் நாற்பது பேருக்குச் செய்கிற வேலைதான்... ஆனால் அன்று மாட்டி முடிக்க அவனுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

உலகம் தெளிந்தது. முதலில் தெரிந்தது அவன் கண்கள். மழை வரப்போகிற வானத்தின் சாம்பல் நிறம், ஓரங்களில் சிரிப்புச் சுருக்கம். கோரினுக்குக் கண்களைப் பார்த்துப் பழக்கமில்லை. அவள் தொழிலுக்கு வாய்தான். யாரைப் பார்த்தாலும் பார்வை நேராகப் பல்லுக்கு இறங்கிவிடும். அன்று இறங்கவில்லை.

"தெரியுதா?" என்றான்.

"தெரியுது..."

பழைய ரயில் நிலையம் வரைக்கும் சேர்ந்தே போனார்கள். அங்கே ஆப்பிள் சாறும் சூடான டோனட்டும் விற்கிறார்கள். அவன் பெயர் வெஸ்லி என்றும், நாற்பத்தொரு வயது என்றும், மலை ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள் என்றும் தெரிந்தது. ரயில் தடத்தில் ஏற்றமே இருக்காது, அதனால்தான் இங்கே ஓட்டுவதாகச் சொன்னான். அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். போர்டைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது.

திரும்பும்போது தனியாக வந்தாள். பதினொன்றாவது மைலில் போர்டு பளிச்சென்று நின்றது. ஒரு எழுத்துகூட அழியவில்லை. 'இந்த மைலைத் தத்தெடுத்தவர்கள்: வெஸ்லி பிராண்ட், டெனீஸ் பிராண்ட்.'

பெண்டாட்டி இருக்கிறாள். பொய்யும் வருகிறது. நல்ல வேளை, டோனட்டோடு போயிற்று என்று கோரின் நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே இரண்டு மைல் பெடலை மிதித்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

அடுத்த சனிக்கிழமை மழை. வானம் நன்றாக இருக்கும்போதுதான் கிளம்பினாள். பாதி வழியில் கொட்டியது. நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே ஒதுங்கினாள். அங்கே கையில் அகலத் துடைப்பத்தோடு ஏற்கெனவே வெஸ்லி நின்றுகொண்டிருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாலத்தின் இரண்டு பக்கமும் மழை திரை கட்டியது. அடைபட்ட இடத்தில் அவர்கள் இருவர் மட்டும்...

"டெனீஸ் வரலையா?" என்றாள் கோரின்.

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "எழுத்து அழியலைன்னு தெரிஞ்சு போச்சா?"

"கண்ணாடியை நீங்கதானே சரி பண்ணிக் கொடுத்தீங்க."

"வேற யாராவது பண்ணியிருக்கணும்."

"பேச்சை மாத்தாதீங்க, மிஸ்டர் பிராண்ட்."

"மாத்தலை. நாங்க பிரிஞ்சு மூணு வருஷம் ஆச்சுங்க. விவாகரத்து ஆயிடுச்சு. வீட்டை வித்தாச்சு. நாயை அவ கூட்டிட்டுப் போயிட்டா. பிள்ளைங்க இல்லை. இந்த மைலை மட்டும் எப்படிப் பங்கு போடறதுன்னு தெரியலை. ஒரு சனிக்கிழமை அவ, ஒரு சனிக்கிழமை நான்."

"பிள்ளையை மாத்தி மாத்திப் பாத்துக்கற மாதிரியா?"

"பிள்ளைன்னா பதினெட்டு வயசுல வீட்டை விட்டுப் போயிடும். இது போகாது."

சிரிக்கக் கூடாது என்று இருந்தாள். சிரித்துவிட்டாள்.

"யாராவது ஒருத்தர் விட்டுடலாமே?"

"முதல்ல விடறவங்க தோத்தவங்க இல்லையா? அவளும் விடமாட்டா. நானும்..."

"நான் விழுந்தது யாரோட வாரம்?"

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அவன் மழையைப் பார்த்தான்.

"அவளோடது," என்றான்.

கோரின் அதை நம்பினாள். நம்ப வேண்டும் என்று இருந்தது, அதனால் நம்பினாள்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். ரயில் நிலையத்தில் ஒன்பது மணிக்குச் சந்திப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும்போது எதிரே யாராவது வந்தால் ஒருவர் பின்வாங்கி வழிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெஸ்லிதான் பின்வாங்கினான். அவளுக்கு இது இரண்டாவது வாரமே உறைத்தது. மூன்றாவது வாரம் வேண்டுமென்றே அவள் பின்வாங்கிப் பார்த்தாள். அவன் சைக்கிளை நிறுத்தியே விட்டான்.

"ஏன் நின்னீங்க?"

"நீங்க பின்னாடி இருந்தா எனக்கு ஓட்ட வரலை. திரும்பித் திரும்பிப் பாக்கத் தோணுது."

பக்கவாட்டு மரங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. கோரின் சந்தோஷமாக இருந்தாள். மருத்துவமனையில் பாட்டு முணுமுணுத்தாள். வாயைத் திறந்து படுத்திருந்தவர்கள் என்ன பாட்டு என்று கேட்க முடியாமல் தவித்தார்கள்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை வேறு வேலை இல்லாமல் தனியாக வந்தாள். பதினொன்றாவது மைலில் உயரமான ஒரு பெண் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு சருகை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள். கோரினைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"பாத்துப் போங்க மேடம். அந்தப் பக்கம் இன்னும் முடிக்கலை."

"நீங்க... டெனீஸா?"

"போர்டுல பேர் இருக்கே. நீங்க?"

"போன மாசம் இங்க விழுந்தவ."

"அடடா. வெஸ் சொன்னான். மன்னிச்சுக்குங்க. அது என் வாரம் இல்லை, இருந்தாலும் போர்டுல என் பேரும் இருக்கு."

"உங்க வாரம் இல்லையா?"

டெனீஸ் கையுறையைக் கழற்றினாள். கெட்ட மனசுக்காரி இல்லை. ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "அவன் வாரம். அவன் வேணும்னேதான் கூட்டாம விடுவான். கூட்டலைன்னா நான் போன் பண்ணித் திட்டுவேன், இல்லையா? அந்தத் திட்டு வேணும் அவனுக்கு. மூணு வருஷமா இதே கதை. அந்த வாரமும் போன் பண்ணினேன். உங்களை அன்னைக்குக் காலையில தூக்கி விட்டதா சொன்னான். அதுக்கப்புறம்தான் என்ன ஆச்சோ, அவன் வாரம் என் வாரம்னு இல்லாம அவனே கூட்டித் தள்றான். ஒரு மாசமா நான் போனே பண்ணலை. இன்னைக்குத்தான் நான் முந்திக்கிட்டேன்."

கோரின் தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். கடைசியில் டெனீஸ் சொன்ன வார்த்தைகள் அவள் காதில் ஏறவில்லை. முதலில் சொன்னவை போதுமாக இருந்தன. வேறொருத்தியின் போனுக்காகப் பாதையில் விட்டுவைத்த காய்கள்... அதில் வழுக்கித்தான் தான் விழுந்தோம் என்பது அவளுக்கு வலித்தது. முழங்கை வலித்ததைவிட அதிகமாக வலித்தது.

அன்று மாலை அவனுக்கு இரண்டு வரி எழுதினாள். 'டெனீஸைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன்.' அவன் நான்கு தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் அவள் பாதையில் எதிர்த்திசையில் ஓட்டினாள். அந்தப் பக்கம் காட்சி நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி நோயாளியைக் கூப்பிட அட்டையைப் பார்த்தாள். வெஸ்லி பிராண்ட்.

உள்ளே வந்து நாற்காலியில் படுத்தான். கழுத்தில் காகிதத் துணியைக் கட்டிவிட்டாள். முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். அவள் விளக்கைத் திருப்பி நேராக அவன் முகத்தில் அடித்தாள்.

"பல்லிடுக்குல தினமும் நூல் போடறீங்களா?"

இந்தக் கேள்விக்கு அந்த நாற்காலியில் உண்மை சொன்னவரைப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை.

"இல்லை," என்றான் வெஸ்லி. "வருஷத்துல ரெண்டு தடவை. இங்க மாதிரி இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி."

அவள் கருவியை எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"இன்னும் இருக்கு," என்றான். "வாயைத் திறந்துட்டா பேச முடியாது. இப்பவே சொல்லிடறேனே?"

"பக்கத்து அறையில ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும். அது என் வாரம், கோரின். காயை வேணும்னே விட்டேன். டெனீஸ் போன் பண்ணுவாள்னு. திட்டறதுக்குன்னாலும் பண்ணுவாளேன்னு... அதை உங்ககிட்ட சொல்லக் கேவலமா இருந்தது. அவ மேல பழியைப் போட்டேன். அது அதைவிடக் கேவலம்."

அவள் தட்டிலிருந்த கருவிகளை வரிசைப்படுத்தினாள்.

"உங்களைப் பாத்த நாள்ல இருந்து மைலைச் சுத்தமா வெச்சேன். நீங்க வர்ற பாதைன்னு. டெனீஸ் போன் பண்றது நின்னு போச்சு. நின்னு போச்சுங்கறதே ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. அவ்வளவு நாள் உங்க நினைப்புலயே இருந்திருக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. போன வாரம் மைலை டெனீஸுக்கே எழுதிக் கொடுத்துட்டேன். என் பேரை எடுத்துட்டாங்க."

கோரினுக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் கேட்க வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் விட்டால் பின்னால் எப்போதாவது கேட்க வேண்டி வரும்.

"பேரை எடுத்தப்போ உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா?"

இல்லை என்று சொன்னால் போதும். மூன்றெழுத்தில் சட்டென்று முடிந்துவிடும். அவன் விளக்கை நேராகப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

"இருந்துச்சு," என்றான். "வண்டியில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் இங்க போன் பண்ணி நேரம் கேட்டேன்."

கோரின் விளக்கை அணைத்தாள். கையுறையைக் கழற்றினாள், முகமூடியையும் கழற்றினாள்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு வெஸ்லி," என்றாள். "மூணு வாரமா கோபம்னு நினைச்சுட்டு இருந்தேன்... கோபம் இல்லை அது. நீ இல்லாம ஓட்டப் பிடிக்கலை."

பக்கத்து அறையில் பல் தேய்க்கும் இயந்திரம் நின்றுபோய் வெகு நேரமாகியிருந்தது. அங்கே படுத்திருந்தவர்கூட மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோரின் அதைப் பொருட்படுத்தாமல் அவன் கையைப் பிடித்தாள்.