அன்னப் படகின் பக்கத்து இருக்கை

ஏரிப் பூங்காவின் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்த நாளிலிருந்து அவனுக்கு வீட்டில் பெயரே மாறிப்போய்விட்டது. அக்கா "மாலுமி" என்றுதான் கூப்பிடுவாள். பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டாலே வயிற்றைப் புரட்டுகிற ஆசாமிக்கு அப்படியொரு பட்டம்.

பெருநகரத்தின் நெரிசல் மூச்சு வாங்கி நிற்கிற புறநகரில் இருந்தது அந்த ஏரி. விடுமுறை என்றால் போதும், நகரமே குடும்பத்தோடு வந்து இறங்கும். குட்டி ரயில், கண்ணாடி மாளிகைத் தோட்டம், சுழல் படிக்கட்டு ஏறும் பார்வைக் கோபுரம் எல்லாம் பார்த்துவிட்டு, கால் ஓய்ந்து கடைசியில் படகுத்துறைக்கு வருவார்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற அன்னப் படகுகள் அங்கே கட்டிக் கிடக்கும். வெள்ளைக் கழுத்து, சிவப்பு அலகு. "அம்மா, வாத்து!" என்று குழந்தைகள் கத்தும்போதெல்லாம் மாலுமிக்குச் சுருக்கென்றிருக்கும்.

டிக்கெட் கூண்டில் அக்கா. கூண்டுக்கு வெளியே, கலர் பல்பு போட்ட எடை பார்க்கும் இயந்திரம். அதில் ஏறி, குதித்து, மறுபடி ஏறுவதுதான் அக்கா மகள் சிட்டுவின் முழுநேர வேலை.

"மாமா, முள்ளு ஆடுது பாரு! நான் வளந்துட்டேன். இன்னிக்காவது என்னைத் தனியா படகுல விடு."

"உன் காலு பெடலுக்கு எட்டட்டும். அன்னிக்கு நானே கயித்தை அவுத்து விடுறேன்."

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்லு."

பழைய குத்தகைக்காரர் சாவியைக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். "தனி ஆள் ஏறினா, முதல்ல பக்கத்து சீட்டுல மணல் மூட்டையை வச்சிடு தம்பி. காலியா மட்டும் விடாதே."

மாலுமிக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறினால் படகு சாயும். அதற்குத்தான் மூட்டை. இதில் புரியாமல் இருக்க என்ன இருக்கிறது?

ஆனால் படகுகளுக்கு அடியில் புது மிதவை மாட்டியதும் அவன் மூளை சும்மா இருக்கவில்லை. துறைக்குப் பக்கத்தில் குழந்தைகள் விளையாட ஒரு மணல் தொட்டி கட்டினான். மணல் கொண்டுவருவதாகச் சொன்ன லாரி வரவில்லை. மூட்டைகளைக் கிழித்துத் தொட்டியில் கொட்டிவிட்டான்.

"அந்த மனுஷன் அவ்ளோ சொன்னாரேடா," என்றாள் அக்கா.

"அவர் காலத்துப் படகு சாஞ்சுது. என் படகு சாயாது."

"ஆமாம், பெரிய கப்பல் கம்பெனி!"

அடுத்த விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டுக்கெல்லாம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் பிடித்ததும் கூட்டம் கோபுரத்துக்கும் கண்ணாடி மாளிகைக்கும் ஓடி ஒதுங்கிவிட்டது. துறையில் ஈ, காக்கை இல்லை.

அப்போதுதான் அந்தக் கேமராக்காரர் வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். கழுத்தில் கேமரா, தோளில் பை, துணைக்கு யாரும் இல்லை.

"தனியா போலாமா தம்பி?"

"தாராளமா போங்க சார்."

அவர் காலை வைத்ததும் படகு அவர் பக்கம் நன்றாக அமுங்கியது. புது மிதவையும் அந்த உடம்பைத் தாங்கத் திணறியது. மாலுமி நாக்கைக் கடித்துக்கொண்டு, திரும்ப இறங்கச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்,

படகு மெதுவாக நிமிர்ந்தது.

தட்டில் வைத்ததுபோல் ஒரே மட்டமாக நின்றது. பிறகு நகர்ந்தது.

'மிதவைன்னா இப்படி இருக்கணும்' என்று மாலுமி தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொண்டான். ஆனாலும் கண் மட்டும் அந்தப் படகை விட்டு வரவில்லை. அவ்வளவு பெரிய ஆள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் படகின் மேல் நீர் போட்ட கோடு இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

கேமராக்காரர் திரும்பி வந்தபோது முகத்தில் எரிச்சல்.

"ஏன்ப்பா, சீட்டைத் துடைச்சு வைக்க மாட்டீங்களா? பக்கத்து சீட்டுல அவ்ளோ ஈரம். பையை வச்சா வழுக்கி வழுக்கிக் கீழ விழுது. யாரோ வேணும்னே தள்ளி விடுற மாதிரி."

"மழைத் தண்ணி சார்."

"மேல கூரை இருக்கேய்யா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாலுமி குனிந்து பார்த்தான். கேமராக்காரர் உட்கார்ந்திருந்த இருக்கை காய்ந்து கிடந்தது. பக்கத்து இருக்கையில் தண்ணீர் தேங்கி நின்றது. விரலால் தொட்டான். ஐஸ் போலச் சில்லிட்டது. ஏரியின் அடிச்சேற்றை யாரோ கிளறிவிட்டது போன்ற வாடை.

அவன் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு, துறை முனையிலிருந்த தகரக் கொட்டகைக்குப் போய்ப் பழைய குத்தகைக்காரருக்குப் போன் போட்டான். வாசற்படியில் கிழியாமல் மிஞ்சிய ஒரு காலி சாக்கு கிடந்தது. அதை வெறுமனே காலால் நோண்டிக்கொண்டே பேசினான்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்த மணல் மூட்டை... அது எடைக்குத்தானே?"

மறுமுனையில் குரல் சட்டென்று மாறியது.

"காலியா விட்டியா?"

"ஒரே ஒரு தடவை..."

"எடைக்கு யாருப்பா மூட்டை வச்சா? அந்த இடம் காலியா இருக்கக் கூடாதுன்னுதான் வச்சது. எனக்கு முன்னாடி நடத்தினவர் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். யாரு, என்னன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு, மூட்டையை எப்பவும் முன்கூட்டியே..."

மாலுமியின் காதில் மீதி விழவில்லை.

துறையில் ஒரு படகைக் காணோம்.

கம்பத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அறுபடவில்லை. நிதானமாக, முடிச்சு முடிச்சாக அவிழ்க்கப்பட்டிருந்தது. நுனியிலிருந்து சேறு சொட்டியது.

படகு தூறலுக்குள் போய்க்கொண்டிருந்தது. இருக்கையில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சின்னத் தலை.

"சிட்டு!"

தலை திரும்பியது. அழுகை கூட வராத முகம்.

"மாமா... நான் மிதிக்கல. என் காலு எட்டல."

ஆனால் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது. கடக், கடக், கடக்.

படகு சாய்ந்திருந்தது. சிட்டு இருந்த பக்கம் அல்ல.

காலியாக இருந்த பக்கம்.

அன்னத்தின் இறக்கை அந்தப் பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டு போனது. மேலே எழும்பிய ஓரத்தில் சிட்டு கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கை வழுக்கினால் சரிந்து விழ ஒரே இடம்தான் இருந்தது. பக்கத்து இருக்கை.

மாலுமி கையிலிருந்த போனை எறிந்தான். சாக்கைப் பிடுங்கிக்கொண்டு மணல் தொட்டிக்கு ஓடினான். இரண்டு கையாலும் மணலை வாரி வாரி அடைத்தான். அதற்குள் அக்கா கூண்டைத் திறந்துபோட்டு ஓடி வந்தாள்.

"என்னடா பண்ற? கொழந்தை அங்க போறா, நீ இங்க மண்ணை அள்ளிட்டிருக்க!"

"நகருக்கா!"

துறையோரம் அவசரத்துக்கென்று கட்டியிருந்த துடுப்புப் படகில் மூட்டையைப் போட்டுத் தள்ளினான். ஏரி முழுக்க அந்த ஒரே சத்தம். கடக், கடக். அவன் வேகமாகத் துடுப்புப் போட்டால், அதுவும் வேகமாகச் சுற்றியது. மூச்சு முட்ட முட்ட ஒருவழியாக அன்னத்தின் கழுத்தை எட்டிப் பிடித்தான்.

"கண்ணை மூடிக்கோடா கண்ணு. மாமா வந்துட்டேன்."

மூட்டையைத் தூக்கிக் காலி இருக்கையில் போட்டான்.

அது இருக்கையில் போய் உட்காரவில்லை.

இருக்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. மடியில் வாங்கிக்கொண்டதுபோல.

மாலுமிக்குச் சாமியைக் கூப்பிட வாய் வரவில்லை. உடம்பு மொத்தத்தையும் கொடுத்து மூட்டையை அழுத்தினான். அடியில் ஏதோ நெளிந்தது. அழுத்தினான். மூட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சொத்தென்று பலகையில் உட்கார்ந்தது.

பெடல் நின்றது.

படகு நிமிர்ந்தது. சிட்டு கண்ணை மூடியபடியே, தன் இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கரை சேர்ந்ததும் அக்கா சிட்டுவை வாரி அணைத்துக்கொண்டாள். பிறகு தம்பியின் தோளில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அவனையும் கட்டிக்கொண்டு அழுதாள்.

"முதல்ல அந்த மெஷின்ல ஏறுடா."

"எதுக்குக்கா?"

"ஏறுன்னா ஏறு. எதையாவது கூட்டிட்டு வந்திருந்தா தெரிஞ்சிடும்ல."

மாலுமி ஏறினான். கலர் பல்புகள் சுற்றின. முள் ஆடி, வழக்கமான இடத்தில் நின்றது. ஈரத் துணிக்கு ஒரு நூல் கூடுதல். அவ்வளவுதான். அக்காவும் ஏறினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்து, அந்த நிலைமையிலும், "பொய் சொல்லுது சனியன்," என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

"சிட்டு, நீயும் ஏறுடி."

எப்போதும் இறக்கி விட்டால்தான் இறங்குகிறவள், இன்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்மா."

"பயந்து போயிருக்கா, விடுக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நான் எல்லாத்தையும் பூட்டிட்டு வரேன்."

அக்கா சிட்டுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பூங்காவின் நீளமான சாலையில் அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான் மாலுமி. கொட்டகையில் போன் அடித்தது. போய் எடுத்தான்.

"பேச்சு பாதியில நின்னுபோச்சே தம்பி," பழைய குத்தகைக்காரரின் குரல் நடுங்கியது. "மூட்டையை ஆள் ஏறுறதுக்கு முன்னாடிதான் வைக்கணும். அது வந்து உட்கார்ந்துட்டா, அப்புறம் வைக்கவே கூடாது. தானா எழுந்து போற வரைக்கும் விட்டுடணும். உட்கார்ந்ததை எழுப்பினா, அது பக்கத்துல வேற இடம் பார்க்கும். கேக்குதா? தம்பி?"

மாலுமி போனோடு கொட்டகை வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தான்.

சாலைக் கடைசியில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அக்காவும் சிட்டுவும் தினமும் வண்டியில் அதைத் துள்ளிக்கொண்டு தாண்டுவார்கள். இன்று ஸ்கூட்டரின் அடிவயிறு அதில் இடித்து, கிறீச்சென்று உராய்ந்தது. பின் சக்கரம் சப்பையாக அமுங்கியிருந்தது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு அவன் ஓடினான். ஸ்கூட்டர் வாசலைத் தாண்டித் திரும்பிவிட்டது.

திரும்பும்போது பார்த்தான். சிட்டு அம்மாவின் முதுகோடு ஒட்டி, முடிந்தவரை முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் இருந்த காலி இடத்திலிருந்து, வழி நெடுக, சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிருந்தது.