வெளுத்துப்போன ஜன்னல்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு மாடியறைக்குத் திரும்பியபோது, காலையில் அவன் முடித்துவைத்த ரயில்பெட்டியின் ஜன்னல்கள் எல்லாம் வெளுத்திருந்தன.

காரணம் தெரிந்ததுதான். நொடியில் ஒட்டும் பசையின் ஆவி வெளியேறுமுன் கூரையை மூடிவிட்டால், அது உள்ளேயே சுழன்று பிளாஸ்டிக் கண்ணாடியில் வெண்பூஞ்சையாகப் படிந்துவிடும். மாதிரி ரயில் செய்யப் புதிதாகத் தொடங்குகிறவர்களின் பிழை அது. இஞ்சின் கொதிகலன் மீது ஊசிமுனையால் ஆணித்தலைகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறவன், சரக்குப் பெட்டியின் எந்த மூலையில் துரு முதலில் பிடிக்கும் என்று யோசித்து யோசித்து நிறம் தீட்டுகிறவன், செய்யக்கூடாத பிழை. ஆனால் காலையில் ஆத்திரத்தில் அவனுக்குக் கை நிதானமாக இல்லை.

அப்போது தம்பி அறைவாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தலை நரைச்சாச்சு, இன்னும் பொம்மை ரயில் விட்டுக்கிட்டிருக்கே. நாளைக்குள்ள ரூமைக் காலி பண்ணு. இல்லேன்னா எல்லாத்தையும் சாக்குல கட்டி எடைக்குப் போட்டுருவேன்."

"போட்டுப் பாருடா."

"பார்க்கத்தான் போறே. வேணும்னா உன் ரயில்ல நீயும் ஏறிக்க, சேர்த்தே போட்டுடறேன்."

தம்பி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனதும், அண்ணன் நகத்தளவு பொம்மை ஒன்றை இடுக்கியில் எடுத்தான். தம்பியின் கட்டம்போட்ட சட்டை, முன்வழுக்கை, காதோடு ஒட்டிய கைபேசி; ஒன்றையும் விடாமல் தீட்டி, கடைசி ஜன்னலோரம் உட்காரவைத்து, கூரையை அழுத்தி ஒட்டினான். "நீயே ஏறிக்கடா" என்று சொல்லவும் சொன்னான்.

இப்போது அறையில் பசையின் காரநெடி கண்ணைக் கரித்தது. வெளியே மழைமேகம் கவிந்து, அலமாரியில் வரிசையாக நின்ற இஞ்சின்களின் நிழல்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துகொண்டிருந்தன. கீழ்வீட்டில் தண்ணீர்க் குழாய் எங்கோ முனகி ஓய்ந்தது. அந்த ஓய்வில்தான் கேட்டது. கொசுவின் ரீங்காரத்தைவிட மெலிந்த, ஆனால் தாளம் தப்பாத ஒரு மெட்டு.

தம்பியின் கைபேசி மெட்டு.

"மாமா!" படியடியிலிருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள். "அவர் மேலயா இருக்கார்? காலையிலேர்ந்து ஆளைக் காணோம். வண்டி நிக்குது, செருப்பு கெடக்குது. போன் அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கிறார்."

"இங்க இல்லம்மா."

பூதக்கண்ணாடியைக் கடைசி ஜன்னலுக்கு அருகே கொண்டுபோனான். வெண்மைக்குள் இன்னும் அடர்ந்த வெண்மையாக ஒரு வடிவம் தெரிந்தது. ஐந்து விரல்கள். பக்கத்தில் இன்னொரு கை. வியர்வை பட்ட இடத்தில்தான் அந்த ஆவி இப்படி அடர்ந்து படியும்.

பொம்மைக்கு வியர்க்காது.

மெட்டு நின்றது.

"எடுத்துட்டார் மாமா!" என்றாள் கீழே. "என்னங்க, எங்க இருக்கீங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது? ... என்னது? எது வெள்ளையா இருக்கு?"

அவன் கத்தியை எடுத்தான். கூரைக்கும் சுவருக்கும் இடையே அலகைச் செருகினான். அசையவில்லை. அவன் ஒட்டினால் ஒட்டினதுதான். ஒரே ஒரு மூலையில் மட்டும் மயிரிழை இடைவெளி விழுந்தது. உள்ளிருந்து சூடான நெடி அவன் உதட்டில் பட்டது. தம்பிதானே, கூடப்பிறந்தவன்தானே. இன்னும் கொஞ்சம் நெம்பினால் போதும்.

"கண்ணு எரியுதாம் மாமா. என்னென்னமோ உளர்றார். ஜன்னலுக்கு வெளியே பெரிசா ஒரு கண்ணு தெரியுதாம்." அவள் குரல் ஒரு படி மேலேறி வந்தது. "அது நீங்கதானாம்."

கத்தி நின்றது.

"வெளியே வந்து உங்களைச் சும்மா விட மாட்டாராம். ரயிலையெல்லாம் உங்க கண்ணு முன்னாலயே மிதிச்சு நொறுக்கப் போறாராம். மாமா, கதவைத் திறங்க. என்ன நடக்குது இங்க?"

அலமாரியைப் பார்த்தான். ஒவ்வோர் ஆணித்தலையும் தெரிந்தது. ஒவ்வொரு துருப்புள்ளியும்.

கத்தியை மேசைமேல் வைத்தான். சத்தமில்லாமல்.

கதவு தட்டப்பட்டது. "லைன் இருக்கு மாமா. பேச மாட்டேங்கிறார். இருமல் மட்டும்தான் கேக்குது."

மயிரிழை இடைவெளியில் எதுவோ அசைந்தது. பூதக்கண்ணாடியைச் சாய்த்தான். நான்கு விரல்கள். கடுகுத் தோலின் கனம்கூட இல்லை. கூரையின் விளிம்பைப் பற்றி, உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தன.

அவற்றின் மேலே, அவன் எடுத்து நீட்டிய பசைக் குப்பியின் முனையில், ஒரு துளி திரண்டு நின்றது. அவன் கை இப்போது நிதானமாக இருந்தது.