பிறகு வா

சர்வர் அறையின் அபாய மணி வீரிட்டது. தோளில் மாட்டிய பையைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்தா இது? எட்டு வயது மகள் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். கணவன் வெளியூரில். இதுவரை பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியும் சற்றுமுன்தான் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். குழந்தை தனியாக இருக்கிறது.

மெயில் சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வெள்ளமாக வந்து விழும் குப்பை மடல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வரி விடாமல் படித்து, அதன் பிறகே தூக்கி எறிந்தது ஸ்பேம் வடிகட்டி. சூடேறிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது.

சக ஊழியனுக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் ஏன் படிக்க விடறீங்கக்கா? தெரியாத ஆள் வந்தா, பிரிக்காமலே 'பிறகு வா'ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பச் சொல்லுங்க. நல்ல மெயில்னா மறுபடி வரும். குப்பைக்கு அவ்வளவு பொறுமை ஏது?"

"உன் மாமியாரை இப்படித்தான் சமாளிக்கிறியா?"

"அவங்கதான் திரும்பி வந்துடறாங்களே!"

சிரித்துக்கொண்டே கட்டளையை மாற்றினாள். சுமை மளமளவென்று இறங்கியது. இரைந்துகொண்டிருந்த மின்விசிறிகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. அப்பாடா என்று எழுந்தாள்.

விசிறிகள் மறுபடி இரைந்தன.

திருப்பி அனுப்பியவற்றில் ஒன்று மட்டும் திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்ததால் சர்வரின் கதவும் அதற்குத் திறந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மடலைப் பிரித்துப் பார்த்தாள். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் வடிகட்டி அதைப் படித்துக்கொண்டிருந்தது. படித்துக்கொண்டே இருந்தது.

மடலை அழித்தாள். அடுத்து அது வந்தபோது தன் கையாலேயே 'பிறகு வா' கொடுத்தாள்.

வந்தது. விரட்டினாள்.

வந்தது.

இடைவெளி குறைந்துகொண்டே போனது. சிவப்பு விளக்குகள் அவள் கைமேல் மினுங்கின. அலமாரிகளுக்குப் பின்னால் யாரோ கால் மாற்றி நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. விரட்டினாள். மறுபடி. மறுபடி.

சட்டென்று நின்றது.

வரவேயில்லை. அறை முழுக்க நிசப்தம். பையை எடுத்தவள், கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தாள். அந்த மடல் எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண், வரிசையின் அடியில் இருந்தது.

தெரிந்த எண். அவளே பதிந்து வைத்த எண்.

அவள் வீட்டு இணைய இணைப்பு.

வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டது.

"கண்ணு... யாராவது வந்தாங்களா? கதவைத் திறக்காதே, சரியா?"

"ரொம்ப நேரமா நின்னாங்கம்மா." காய்ச்சலில் கரகரத்த சின்னக் குரல். "எத்தனை தடவை வந்தாலும் நீ திருப்பி அனுப்பிட்டியாம். அழுதாங்க, பாவம். நான் உள்ள வாங்கன்னு சொல்லிட்டேன்."