கயிற்றின் கடைசி ஆள்

பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது.

அவள் கணவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வாயை மூடினால் பாலிசி போய்விடும் என்று சொல்லிச் சொல்லியே தூக்கத்தில்கூடப் பேசுகிறவன். அந்தப் பழைய மலையூரில் வந்து இறங்கியதிலிருந்து கோட்டை வாசல், கல் பாவிய தெரு, ஓடாத மணிக்கூண்டு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தான். மகளை விடுதியில் அவன் அக்காவிடம் விட்டுவிட்டு, காலையில் வழிகாட்டியோடு இருவரும் மலைமுகட்டுக்கு ஏறினார்கள். இறங்கும்போது பனிமூட்டம் சூழ்ந்தது. வழிகாட்டி மூன்று பேரையும் ஒரே கயிற்றில் பிணைத்தார். முன்னால் அவர், நடுவில் அவள், கடைசியில் கணவன்.

நனைந்த கம்பளியும் துருவும் கலந்த வாடையோடு பனி முகத்தில் ஒட்டியது. அவள் காலணிக்கடியில் சரளைக்கல் நெரிந்தது, முன்னால் வழிகாட்டியின் கைத்தடி பாறையில் தட்டித் தட்டிப் போனது, எங்கோ நீர் சொட்டியது, இத்தனைக்கும் மேலாகக் கேட்க வேண்டிய அவன் குரலை மட்டும் காணோம்.

“ஏங்க?” என்றாள்.

இடுப்புக் கயிறு பின்பக்கம் மெல்ல ஒருமுறை இழுபட்டது. பதில் சொல்வதுபோல.

சற்று நேரம் கழித்துக் குரல் கேட்டது. பின்னாலிருந்து அல்ல. இடப்பக்கப் பள்ளத்தில், வெகு ஆழத்திலிருந்து.

“இங்க இருக்கேன்... கால் மாட்டிக்கிச்சு...”

கயிறு பள்ளத்தை நோக்கிச் சரியவில்லை. நேர் பின்னால், இடுப்பு உயரத்தில், விறைப்பாகவே இருந்தது. அவள் வழிகாட்டியிடம் சொன்னாள். அவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

“பள்ளத்துல எதிரொலிக்கும்மா. கயிறு இறுக்கமா இருக்குல்ல? அப்ப ஆள் இருக்காரு. நிக்காதீங்க, நடங்க.”

அவள் நடந்தாள். குளிரில் விரல்கள் எப்போதோ மரத்துவிட்டன. அந்த மரப்பு முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. பள்ளத்துக் குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. யார் வீட்டிலோ ரேடியோ பாடுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

கோட்டை வாசலில் பனி கலைந்தது. வழிகாட்டி முடிச்சை அவிழ்த்தார். கடைசி முடிச்சில் கணவன் நின்றான். அதே நீலச் சட்டை, அதே தொப்பி, அதே சிரிப்பு. வழிகாட்டியின் வாயிலிருந்து ஆவி புகைந்தது. அவள் வாயிலிருந்தும். அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று நாள் முழுக்கச் சொல்பவள். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த ஒருவரை அவள் பார்த்ததில்லை.

வாசலை ஒட்டியிருந்த மீட்புக்குழு அறைக்குள் போய், பள்ளத்தில் ஓர் ஆள் கிடக்கிறார் என்றாள். யார் என்று கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். என் வீட்டுக்காரர் என்றாள். அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்தார்.

“அப்ப இவரு யாருங்க?”

உயரத்துக்குப் போனால் சிலருக்கு இப்படித் தலை கிறுகிறுக்கும் என்று சொல்லி, வெந்நீர் கொடுத்து அனுப்பிவைத்தார். அது அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தது. அவன் என்று நினைக்க அவளுக்கு வரவில்லை.

விடுதியில் மகள் ஓடிவந்து அதன் மடியில் ஏறிக்கொண்டாள்.

“தொண்டை கட்டிக்கிச்சா தம்பி? நல்லதாப் போச்சு, எங்க காதுக்கு ஒரு நாள் லீவு,” என்று சிரித்துவிட்டு நாத்தனார் சூப் வாங்கக் கீழே போனாள். அதுவும் தோள் குலுங்கச் சிரித்தது. சத்தம் வரவில்லை.

அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. அவள் மலைப்பக்க ஜன்னலைத் திறந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்க வழியே இல்லை. ஆனாலும் கேட்டது.

“குட்டிம்மா...”

வெளியே குரல் தேய்ந்தது. உள்ளே அதன் தொண்டை அசைந்தது. முதலில் ஒரு கரகரப்பு. மறுபடி வெளியே, இன்னும் மெலிதாக. உள்ளே ஒரு முனகல். அங்கே குறையக் குறைய இங்கே ஏறியது.

“அம்மா, வெளிய அப்பா கூப்பிடறாரு,” என்றாள் மகள்.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். கத்த வேண்டும். யாருடைய எக்ஸ்ரேயையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் அதை நினைத்துப் பார்த்தாள். கால் அசையவில்லை.

“குட்டிம்மா, அப்பா வந்து...”

நின்றது. மலை முழுக்க அமைதி.

“...ட்டேன்,” என்றது அது. அவன் குரல். அச்சு அசலாக.

மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது ஜன்னலருகே நின்றவளை நிமிர்ந்து பார்த்தது.

“ஜன்னல சாத்து. புள்ளைக்குக் குளிருது.”

சாத்தினாள். கொக்கியும் போட்டாள்.

மகள் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது.

“அம்மா, உள்ள நிறைய பேரு பேசறாங்க. அப்பாவும் இருக்காரு.”

அது குழந்தையின் தலையை மெல்ல வருடி, இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டது.