எண்ணூர்ப் பாலத்தில் பூத்த உப்பு

"நெசக் கல்லு ரெண்டு, ஒரே மாதிரி எங்கயாச்சும் பாத்திருக்கியா மங்கை?"

மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த அன்று, பக்தவச்சலம் அவளைக் கேட்ட முதல் கேள்வி அது.

கேட்ட வாய் இப்போதும் திறந்துதான் இருந்தது.

இனிமேல் மூடாது!

ராயபுரம். 1953. சனிக்கிழமை மாலை மணி நாலு.

மாடி ஹாலில் இருபதடி நீள மேஜை. அதன் மேல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு குட்டி ரயில் பாதை. தீப்பெட்டி அளவுப் பெட்டிகள்... கட்டைவிரல் உயர சிக்னல்கள்... துறைமுகத்துக் கருங்கல் சுவர்... எண்ணூர்க் கழிமுகத்துப் பாலம்...

மேஜைக்குக் கீழே, மண்டை பிளந்து, பக்தவச்சலம்.

காசிமேட்டுக் கரையில் சலித்துக்கொண்டு வந்த மணல் மங்கையின் கையிலிருந்து நழுவிச் சிதறியது.

"அய்யோ... அய்யாவைக் கொன்னுட்டாங்களே!"

அலறல் தெரு முனை வரை கேட்டது.

இன்ஸ்பெக்டர் சௌக்கத் அலி வந்தார். கூடவே ஏட்டு எத்திராஜ்.

எத்திராஜ் பிணத்தைப் பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்தார்.

"இன்னா சார் இது! நம்ம ரயிலு டேசன் கூட கீது... நாலு கல்தூணு, கொடிக்கம்பம், அல்லாம் கீது!"

"எத்திராஜ்! செத்தவரைப் பாரும்யா."

"பாத்துட்டேன் சார். பின்மண்டைல ஒரே போடு. சுத்தியல் அடி."

மாமாவின் பிணத்தருகே நின்றிருந்தான் குணசேகரன். இறந்தவரின் அக்கா மகன். ரயில்வே ஆபீசில் வரைபடம் போடுகிற வேலை. பிள்ளையில்லாத பக்தவச்சலத்துக்கு அவன்தான் வாரிசு.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ இருந்தேன் சார். ரெண்டு மணிக்கு மேல ஒரே சத்தம். 'அதை எடுய்யா... மொதல்ல அதை எடு'ன்னு தச்சன் கத்தினான். மாமா பதிலுக்கு சிரிச்சார். தினம் நடக்கிற சண்டைன்னு நான் வெளிய போயிட்டேன். இப்பதான் வரேன்."

"தச்சன்னா?"

குணசேகரனின் விரல் மங்கையை நோக்கி நீண்டது.

"இவ புருஷன். பரசுராமன். மேஜை, பலகை, பாதைக்கு அடிக்கட்டை எல்லாம் அவன் வேலை. கல்வேலை இவளோடது."

தச்சனின் பெட்டி மூலையில் கிடந்தது. இழைப்புளி இருந்தது. உளி இருந்தது.

சுத்தியல் இல்லை!

ஐந்து மணிக்கு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பரசுராமனை ஈரக்கையோடு ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டேஷன் லாக்கப். கம்பிக்கு வெளியே சோற்றுத் தூக்கோடு மங்கை.

"யோவ்... என் தலைல அடிச்சு சொல்லு. நீ செஞ்சியா?"

"பைத்தியமா உனக்கு? நானா செய்வேன்? தண்டவாளம் கோணலா கீதுன்னாரு. இல்லேன்னேன். அதான் சண்டை. நான் வர்றச்சொ ஆளு உசுரோட குந்திகினு இருந்தாரு!"

"சுத்தியல்?"

"பெட்டிலதான் வெச்சேன். அவன் எடுத்திருப்பான்... அந்தக் குணசேகரன்! சொத்து அவனுக்குத்தானே?"

மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை வுட்டா எனக்கு யாருய்யா கீறாங்க? ஆத்தா இல்ல, அப்பன் இல்ல, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல... உன்னைத் தூக்குல போட்டா நானும் கடல்ல வுழுந்துடுவேன்."

"அழுவாத. நீ ஒண்ணு மட்டும் செய். அந்த மாடிக்குப் போவாத. போனா உன்னையும் சேத்து மாட்டிவுட்ருவான்."

அவள் தலையாட்டினாள். நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போய்க் காலில் விழுந்தாள்.

"எந்திரிம்மா... எந்திரி! காலுல வுழுந்தா கேஸ் மாறாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு உன் புருஷன் கோர்ட்டுக்குப் போறான். அதுக்குள்ள வேற ஒருத்தன்தான்னு எனக்குக் காட்டு. விட்டுடறேன்."

"எதைக் காட்டட்டும் சார்?"

"சுத்தியல். வீடு முழுக்க தேடியாச்சு. கெணத்துல ஆளு இறக்கியாச்சு. அது எங்க கெடைக்குதோ, அங்கதான் கொலைகாரன் இருக்கான்."

எத்திராஜ் மீசையைத் தடவினார்.

"கடல்ல போட்ருந்தா மீனுதான் சாட்சிக்கு வரணும் சார்!"

திங்கட்கிழமை காலை எட்டு மணி.

மங்கையின் குடிசை வாசலில் குணசேகரன் நின்றிருந்தான்.

"மங்கை... கேக்கவே சங்கடமா இருக்கு. புதன்கிழமை பொருட்காட்சிக்கு லாரி வருது. துறைமுகத்துச் சுவர் பாதியில நிக்குது. உன்னைத் தவிர வேற யாருக்கும் அந்தக் கை வராது. மாமாவோட மூணு வருஷ உழைப்பும்மா..."

புருஷன் போகாதே என்று சொல்லியிருந்தான்.

ஆனால்... பன்னிரண்டு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம்தான் இருந்தது!

"வரேன்" என்றாள்.

சுவர் முடிக்க அல்ல. சுத்தியல் தேட.

மாடி ஹாலில் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. கடல்காற்று ஹாலைச் சுற்றிக்கொண்டிருந்தது. குணசேகரன் பார்ப்பான் என்று அவள் பிளாஸ்டரைக் குழைத்தாள். வேலை செய்வது போலச் செய்தாள். கண் மட்டும் மேஜையை மேய்ந்தது.

அவள் வேலை இப்படி. கம்பிவலையை வளைத்துக் கரை செய்வாள். மேலே பிளாஸ்டரில் தோய்த்த சாக்கைப் போர்த்துவாள். அது பாதி இறுகும்போது கோணி ஊசியால் கல் கல்லாகக் கீறுவாள். ஒரு கல் குட்டை, ஒரு கல் நெட்டை, ஒன்று மூக்கு உடைந்தது. பிறகு டீ டிகாக்ஷன், விளக்குக் கரி, செங்கல் பொடி... துறைமுகத்துப் பழஞ்சுவர் அப்படியே எழுந்து நிற்கும்.

பக்கிங்காம் கால்வாய்... விம்கோ தொழிற்சாலை... எண்ணூர்ப் பாலம்...

பாலத்தில் கண் நின்றது.

பாலத்தின் வடகரைச் சுவரில், ஒரு சாண் அகலத்துக்கு, வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது!

சனிக்கிழமை காலை அது இல்லை.

விரலால் தொட்டாள். பொடிப்பொடியாக ஒட்டியது. நாக்கில் வைத்தாள்.

உப்பு!

குனிந்து பார்த்தாள். வெள்ளைக்குக் கீழே கற்கள். அரை அங்குலம்... அரை அங்குலம்... அரை அங்குலம்... எல்லாம் ஒரே அளவு. கோடு பிசகாத வரிசை.

அவள் கை அல்ல அது!

யாரோ அவளுடைய சுவரை உடைத்து, மறுபடி பூசி, அவளைப் போலவே கீறப் பார்த்திருக்கிறார்கள். அளவுகோல் வைத்துக் கீறியிருக்கிறார்கள்.

அளவுகோல்... வரைபடம்...

குணசேகரன்!

அவள் மாடிப்படியை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பில்லாத காலோடு கல்மண்டபத்துத் தெருவில் ஓடினாள். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் கத்தினான்.

"யம்மோவ்! வூட்ல சொல்லிகினு வந்தியா?"

ஸ்டேஷன் கடிகாரம் பதினொன்று காட்டியது.

"சார்... சுத்தியல்... சுத்தியல் எங்க கீதுன்னு தெரிஞ்சிபோச்சு!"

பதினொன்றரை. மாடி ஹால்.

"இந்தப் பாலத்துக் கரையா?" சௌக்கத் அலி தொப்பியைக் கழற்றினார்.

"உள்ள காலி சார். வெறும் கம்பிவலை. இந்த எடத்தை ஒடச்சி, உள்ள வெச்சி, மேல பூசியிருக்காரு. என் கல்லு இப்பிடி இருக்காது சார். எதுவும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இதைப் பாருங்க... செங்கல் அடுக்கின மாதிரி!"

"பூசியிருக்கார்னா... யாரு?"

மங்கையின் கை நேராக நீண்டது.

"இவருதான்!"

குணசேகரன் முகம் வெளுத்தது.

"நானா? பைத்தியமா இவளுக்கு! சார், இதை உடைக்க விடமாட்டேன். நாளை மறுநாள் லாரி வருது. மாமா உசிரே இதுலதான் இருந்தது!"

"உசுரு போனப்புறம் பாலம் எதுக்கு வாத்தியாரே?" என்றார் எத்திராஜ். "இவ்ளோ பதறிகினா... உள்ள இன்னாமோ கீது சார்."

"நான் ஒத்துக்க மாட்டேன்! தொடாதீங்க!"

மங்கை உளியை எடுத்தாள். கண்ணில் நெருப்பு. சுவரில் உளிமுனையை வைத்தாள்.

"ஒரு நிமிஷம்மா." இன்ஸ்பெக்டர் கை காட்டினார். "எனக்கு ஒண்ணு புரியல. இந்த உப்பு எதுக்கு?"

"பிளாஸ்டர்ல உப்புத்தண்ணி ஊத்தினா பத்து நிமிஷத்துல இறுகிடும் சார். இல்லேன்னா ரொம்ப நேரம் ஆவும். நான் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். ஆனா ரெண்டு நாள் கடல்காத்து பட்டா உப்பு வெளிய வந்து பூத்துரும். அது தெரியாம போட்டுட்டாரு."

"நீ போடுவியா?"

"மொத வருசம் ஒருவாட்டி போட்டேன். வூட்லதான். நாஸ்தியா பூத்துப்போச்சு. அய்யா கண்ணுல படாம தூக்கிப் போட்டுட்டேன். அதோட சரி."

"ஆக, இங்க யாருக்கும் நீ சொல்லலை?"

"சொல்லல சார்."

"அப்ப உப்பு போட்டா சீக்கிரம் இறுகும்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

குணசேகரன் பாய்ந்து வந்தான்.

"அதைக் கேளுங்க! சத்தியமா இப்பதான் கேள்விப்படறேன். நீ எனக்கு சொன்னியா மங்கை? சொல்லு!"

மங்கை வாயைத் திறந்தாள்.



அன்று வீட்டில்... அடுப்பங்கரையில்... உப்புப் பானையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டபோது... பக்கத்தில் ஒருவன் நின்று சிரித்தானே!

"குழம்பு வெக்கிறியா, கல்லு வெக்கிறியா?" என்று கேட்டானே!

பத்தே நிமிஷத்தில் இறுகியதை விரலால் தட்டிப் பார்த்து, "ஷோக்கா கீதே!" என்றானே!

மறுநாள் அவன் மரம் அறுக்க வெளியூர் போய்விட்டான். பூத்த உப்பை அவன் பார்க்கவில்லை. வீணாய்ப் போனதை வெட்கப்பட்டு இவளும் சொல்லவில்லை.

அளவுகோல் வைத்துக் கீறிய கல்...

அளக்காமல் ஒரு கோடு கூடப் போடத் தெரியாத கை... தச்சன் கை!

உளி அவள் கையிலிருந்து விழுந்தது.

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"ஒடைக்க வேணாம். தப்பா சொல்லிட்டேன். நான்தான் பூசினேன் சார்... உப்பு நான்தான் போட்டேன்! மறந்துட்டேன்... வுட்டுடுங்க சார்!"

இரண்டு கையாலும் பாலத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு குட்டி சிக்னல் ஒடிந்து உருண்டது.

குணசேகரன் அவளையே வெறித்துப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உடைங்க சார்!" என்றான். "இப்ப நானே சொல்றேன். உடைங்க!"

"யம்மா, நகந்துக்க..." எத்திராஜ் அவள் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

"சார்! உங்க புள்ளைக்குட்டிங்க நல்லாருக்கட்டும் சார்... வேணாம் சார்!"

சௌக்கத் அலியின் லத்தி ஒரே ஒரு தரம் இறங்கியது.

ட்டொக்!

சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. இழுத்தார். அவிழ்த்தார்.

காய்ந்த ரத்தத்தோடு சுத்தியல்!

துண்டின் ஓரத்தில் ஒரு கிழிசல். பச்சை நூலால் தைத்திருந்தது. மங்கை தைத்தது. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

"இன்னும் இன்னாமோ கீது சார்." எத்திராஜ் கையை விட்டு ஒரு பலகையை உருவினார்.

ஒரு சாண் பலகை. கறுப்புப் பூச்சு. வெள்ளை எழுத்து. பக்தவச்சலத்தின் கையெழுத்து.

குணசேகரன் வாங்கிப் படித்தான்.

"ராயபுரம் - எண்ணூர் ரயில் பாதை. அமைப்பு: பக்தவச்சலம். கல்வேலை..."

நிறுத்தினான்.

"படிங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கல்வேலை: மங்கை."

இன்ஸ்பெக்டர் குணசேகரன் பக்கம் திரும்பினார்.

"அப்ப... 'அதை எடுய்யா'ன்னு கத்தினது?"

"இதைத்தான் சார். பொருட்காட்சியில வைக்கிற பலகை. பொண்டாட்டி பேரு இருக்கு. அவன் பேரு இல்லை."

மங்கை பலகையை வாங்கினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். ம... ங்... கை... அவள் பெயரை அச்சு மாதிரி யாரும் எழுதி அவள் பார்த்ததில்லை.

விரல் அதற்குக் கீழேயும் போனது.

நின்றது.

பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.

கறுப்புப் பூச்சின் மேல், பென்சிலில், மங்கலாக, இன்னொரு வரி.

சௌக்கத் அலி குனிந்து படித்தார்.

"தச்சு வேலை: பரசுராமன்."

குணசேகரன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"மாமா வழக்கம் சார்... முதல்ல பென்சில்ல எழுதுவார். ஒரு வரி பெயிண்ட் காய்ஞ்சப்புறம்தான் அடுத்த வரிக்குப் பூசுவார். சாயங்காலம் பூசியிருப்பார். அதனாலதான் அவன் கத்தினப்ப சிரிச்சிருக்கார்..."

மங்கை பலகையை மேஜை மேல் வைத்தாள். நேராக வைத்தாள். கையில் ஒட்டியிருந்த உப்பைப் புடவையில் துடைத்தாள்.

யார் முகத்தையும் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எத்திராஜ் பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஒரு சாயங்காலம் பொறுக்க முடியல சார் அவனுக்கு! பரவால்ல... குற்றப்பத்திரிகையில மொத வரியே அவன் பேருதான். பெயிண்ட் காயக்கூட காத்துகினு இருக்கத் தேவையில்ல!"